முதலில் நீட்டும் கால்

என் அண்ணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வியாதியும் கிடையாது. ஆனால் பக்கத்துத் தெருக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால், இவ்வளவு வியாதியை வைத்துக்கொண்டு இந்த அம்மா எப்படி நடமாடுகிறார் என்று மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். பல் மருத்துவம் படிக்கிறவர்களுக்கு அவர் ஈறில் ரத்தம் கசிகிறவர். கண் பரிசோதனை படிக்கிறவர்களுக்குச் சாயங்காலமானால் எழுத்து அலைகிறவர். நர்சிங் பிள்ளைகளுக்கு, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவர். ஒருமுறை மருந்தாளுநர் படிப்புக் கும்பல் ஒன்று வந்து, வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டது. ஒரு மாத்திரைகூட இல்லையே என்று அன்றைக்கு அண்ணி பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமில்லை. உள்ளே போய் என்னுடைய தைலப் புட்டியை எடுத்துவந்து, தான் தினமும் தடவிக்கொள்வது என்று காட்டி அவர்களைச் சமாதானப்படுத்தினார். அந்தப் புட்டியை நான் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியில் எந்த வைத்தியம் படித்தாலும் சரி, அக்கம்பக்கத்து ஜனங்களுக்குச் சேவை செய்யாமல் பட்டம் கிடையாது. ஆகவே வாரத்தில் ஏதாவது ஒரு பிற்பகல், வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக நாலைந்து பேர் எங்கள் கட்டடத்துக்கு வந்துவிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. கீழ் வீட்டில் இருப்பவர்கள் விவரமானவர்கள், கோட்டைக் கண்டதும் தூங்கப் போய்விடுவார்கள். இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். போன வாரம் பார்த்த ரத்த அழுத்தமே இன்னும் தீரவில்லை, தீர்ந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று கதவைச் சாத்துவார். இப்படி வாசல் வாசலாக விரட்டப்பட்டு, முகம் தொங்கிப்போய், மூச்சு வாங்க நான்காவது மாடிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கதவைத் திறப்பவர் அண்ணி.

திறந்தவர், வந்தவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார். அது அவருடைய தொழில் புத்தி.

கடைவீதியில் ஒரு செருப்புக் கடை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், தலை முழுக்க நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். முன்பக்கம் சரிவாக இருக்கும் ஒரு குட்டை முக்காலி, உலோகத்தில் ஒரு கால் அளவுகோல், பக்கத்தில் பெட்டிகள். முக்காலியில் உட்கார்ந்து, கடைக்கு வருகிறவர் காலை அந்தச் சரிவின்மேல் வாங்கி வைத்துக்கொள்வார். கடைக்குள் நுழைந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். முதலாளி போய்ச் சேர்ந்து, அவர் மகனும் கடையை விற்றுவிட்டுப் போன பிறகும் அந்தச் சட்டம் அண்ணியை விட்டுப் போகவில்லை. என் அண்ணன் அவரைப் பிடித்ததும் அங்கேதான். அந்த வருஷம் அவன் வாங்கிக் குவித்த செருப்புகளை வைத்து நாங்களே ஒரு கடை போட்டிருக்கலாம். இவனுக்கு எத்தனை கால் என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, ஆளை அனுப்பி விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அண்ணன் இறந்த பிறகு நான் அண்ணியோடு வந்துவிட்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது, எதை எதோடு கலந்தால் புகை வரும் என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். எதையும் என்ன ஏது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அண்ணியிடம் கடைக் கதைகளைக் கேட்டுக் கேட்டே எங்கள் பிற்பகல்கள் போயின. புதுச் செருப்பைப் போட்டதும் ஆண்கள் குனிந்து பார்ப்பார்கள், பெண்கள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்ப்பார்கள் என்பார். அளவு பார்க்கக் காலை நீட்டச் சொன்னால், கோளாறு இருக்கிற காலை யாரும் முதலில் நீட்ட மாட்டார்களாம். நல்ல காலைக் கொடுத்துவிட்டு, மற்றதும் இதே அளவுதான் என்று சாதிப்பார்களாம். பணக்காரர்களின் காலுறையில்தான் ஓட்டை அதிகம் என்பதும் அவர் சொன்னதுதான்.

அண்ணியின் மகன் வேறு ஊரில் இருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் பயந்தவன். போன் பேசும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். அம்மா படி ஏறுகிற வரைக்கும் அங்கே இருக்கட்டும், ஏற முடியாமல் போனால் அன்றைக்கே இங்கே வந்துவிட வேண்டும். அவன் வீட்டில் அம்மாவுக்கு ஒரு சின்ன அறை ஒதுக்கியிருக்கிறான். அந்த அறையில் ஒரு கட்டில்தான் போட முடியும். அதற்கு அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்படி இருக்கும்போதுதான் ஒட்டடைக்குச்சி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைக் குனிந்து நுழைந்தாள், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. பிசியோதெரபி படிக்கிற பெண். மற்றவர்கள்போல ஒருநாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. ஒரே ஆளைப் பிடித்து, பருவம் முழுக்க வாரம் தவறாமல் வந்து கவனித்து, கடைசியில் வகுப்புக்கு முன்னால் நின்று அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண். கீழே எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது என்று அவள் சொன்னபோது அழுதுவிடுவாள்போல இருந்தது. அண்ணி அவளுடைய காலணியை ஒரு பார்வை பார்த்தார். உட்காரச் சொன்னார். தனக்கு வலது முழங்காலில் வலி என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. பல்லும் கண்ணும் ஒருநாள் கூத்து. முழங்கால் வலியை வாரா வாரம் எப்படிக் கட்டிக் காப்பாற்றப் போகிறார்? ஏறும்போது வலிக்குமா, இறங்கும்போதா என்று அந்தப் பெண் கேட்டாள். அண்ணி அதற்குத் தயாராக இல்லை. என்னைப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஏறும்போது என்று சொல்லிவைத்தார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு நாடகம். ஒட்டடைக்குச்சி தரையில் உட்கார்ந்து அண்ணியின் வலது காலை மடக்குவாள், நீட்டுவாள். உப்புப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டித் தூக்கச் சொல்வாள். அண்ணியும் முகத்தைச் சுளித்து அழகாகத் தூக்குவார். அவள் வருகிற நேரமானால் நான் காதோரம் போய், வலது, வலது, மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். உள்ளபடி சொன்னால் அந்தப் பெண் வரும் நாளுக்கு நானும் காத்திருந்தேன். அதிகம் பேச மாட்டாள். ஆனால் பார்ப்பாள். நாற்காலியில் இருந்து அண்ணி எழுந்திருப்பதைப் பார்ப்பாள், தண்ணீர் எடுக்கப் போவதைப் பார்ப்பாள். இப்படி ஒரு பார்வை எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூட இருந்ததில்லை.

ஒருநாள் அண்ணி டீ போட எழுந்து போனார். அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆன்ட்டி, இன்னைக்கு இடது காலா?" என்றாள்.

அண்ணி திரும்பிப் பார்க்காமலே வலதுதான் என்றார்.  அவள் கண் இடது காலிலேயே நின்றது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறந்துபோய்க் கால் மாற்றி நொண்டிவிட்டார், கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அவள் போன பிறகு, நடிப்பதற்கும் ஞாபகசக்தி வேண்டும் அண்ணி என்று வாரினேன். அண்ணியும் சிரித்தார். காலை மடித்து அடியில் வைத்துக்கொண்டு, டீயில் சர்க்கரை கூடிப்போய்விட்டது என்று பேச்சை மாற்றினார். அடுத்த வாரமும் இதேதான் நடந்தது. நானும் அதேபோல வாரினேன்.

பருவம் முடிகிற சமயம். வர வேண்டிய நாளாக இல்லாத ஒருநாள் ஒட்டடைக்குச்சி வந்தாள். காலணியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. கண் சிவந்திருந்தது. விசாரித்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வகுப்புக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறாள். நோயாளி வலி என்று சொல்வது வலது முழங்கால், ஆனால் அந்த மூட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, நடக்கும்போது இழுபடுவது இடது பாதம் என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அவர்களுடைய மேடம் சிரிக்கவில்லை. நீ ஒழுங்காகப் போகவே இல்லை, இரண்டு பேர் கதையை ஒன்றாக ஒட்டிவிட்டாய் என்றிருக்கிறார். போன வருஷம் ஒரு மாணவன், எப்போதோ வீடு மாறிப் போய்விட்ட பெரியவருக்கு வாரா வாரம் பயிற்சி கொடுத்ததாகச் சொல்லி மதிப்பெண் வாங்கிவிட்டானாம். அதிலிருந்து அந்த மேடம் யாரையும் நம்புவதில்லை. நாளை விசாரணை. பொய் என்று முடிவானால் இவளுடைய ஒரு வருஷம் போச்சு, படிக்கக் கிடைக்கிற உதவித்தொகையும் போச்சு.

"நான் பார்த்ததைத்தான் சொன்னேன் ஆன்ட்டி. அது தப்பா?" என்று கேட்டாள்.

 நாளைக்கு நான் வருகிறேன், போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்றார் அண்ணி.

அவள் படி இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. வேலை மெனக்கெட்டு வந்த பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டீர்களே, பொய் சொல்கிறவர் ஒரு காலோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்றெல்லாம் கத்தினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது வழக்கமில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினோம். படி இறங்கும்போது வழக்கம்போல என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

கல்லூரியில் எங்களை ஒரு நீளமான கூடத்தில் உட்கார வைத்தார்கள். வரிசையாகக் கட்டில்கள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, நடக்கப் பழக இரண்டு பக்கமும் கம்பி, மூலையில் தொப்பி மாட்டிய ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. வேறு நாளாக இருந்தால் அந்த எலும்புக்கூட்டின் ஒவ்வொரு எலும்பையும் விசாரிக்காமல் நான் நகர்ந்திருக்க மாட்டேன். மேடம் வந்தார். ராட்சசி ஒருத்தியை எதிர்பார்த்தேன். வந்தவர் குள்ளமான, களைத்த முகமுள்ள பெண்மணி. பின்னால் மாணவர்கள் சிலர். ஒட்டடைக்குச்சி சுவரோரம் நின்றாள்.

அண்ணி எழுந்து நின்றே பேசினார். வலது முழங்காலில் தனக்கு வலியே கிடையாது, எல்லாம் தான் கட்டிவிட்டது என்றார். வெறுங்கையோடு திரும்பிப் போகிற முகத்தைத் தன்னால் பார்க்க முடியாது, அது கடைப் பழக்கம், அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, வாரம் தவறாமல் வந்தாள் என்றார். பல், கண், தலைசுற்றல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு உடைத்தார். மாணவர்களில் ஒருத்தி, ஐயோ அந்த ஆன்ட்டியா என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க நல்ல மனசுலதான் செஞ்சிருக்கீங்க. ஆனா இல்லாத வலியை இருக்குன்னு நம்பி ஒருத்தி பருவம் பூரா வைத்தியம் பார்த்திருக்கா. அதுக்கு நான் என்ன மார்க் போடறது? போதாததுக்கு இடது கால் இழுக்குதுன்னு வேற சொன்னா. அதுவும் நீங்க நடிச்சதுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. நாங்கள் வீட்டுக்குப் போகலாம். நானே அண்ணிக்கு எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். கால் மாற்றி நொண்டிவிட்டார், நான் சாட்சி என்று சொல்ல வந்தேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

ஒரு நாற்காலி கேட்டார். உட்கார்ந்தார். குனிந்து இடது செருப்பைக் கழற்றி, கடையில் தோல் காட்டுவதுபோல இரண்டு கையாலும் மேடத்திடம் நீட்டினார்.

"முன்னாடி பாருங்க. பெருவிரல் பக்கம் தேஞ்சு ஓட்டையே விழுந்துடுச்சு. வலதுல அப்படி இல்ல. தரையில இழுபடாம ஒரு செருப்பு இப்படித் தேயாது. இதை நான் நடிக்கல. அந்தப் பொண்ணு பார்த்தது நிஜம்."

 நான் செருப்பைப் பார்த்தேன். அண்ணி ஏன் திரும்பத் திரும்ப அதே பழுப்பு நிறத்தில் ஒரே மாதிரிச் செருப்பையே வாங்குகிறார் என்று கேட்டிருக்கிறேன். பழைய கடையில் விற்ற கம்பெனிமேல் விசுவாசம் என்று அவரே சொன்னார். ஏன் தன் செருப்பை மட்டும் அலமாரியின் அடித்தட்டில், சுவர்ப் பக்கம் முனை இருக்கும்படி வைக்கிறார் என்று கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் கேட்கிறவள் அதைக் கேட்கவில்லை.

மேடம் தரையில் மண்டியிட்டுக் காலை நீட்டச் சொன்னார். அண்ணி வலது காலை நீட்டினார். அது இல்லை, மற்றது என்றார் மேடம். இடது கால் மெல்ல முன்னால் வந்தது. கெண்டைக்கால் ஒரு சுற்று இளைத்திருப்பது நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். பெருவிரல் லேசாக அசைந்தது, பாதம் எழும்பவில்லை. முழங்கால் வலிக்குச் சுளித்த அந்த முகம் எவ்வளவு பொய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிஜமாகக் கஷ்டப்படும்போது அண்ணியின் முகம் சுளிக்கவே இல்லை.

எவ்வளவு நாளாக என்று மேடம் கேட்டார். குரல் மாறியிருந்தது. போன மழைக்காலத்துக்கு முன்பிருந்தே என்றார் அண்ணி. மேடம் ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டு, நீ பார்த்ததை முதலிலிருந்து மற்றவர்களுக்குச் சொல் என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்குகிற குரலில் ஆரம்பித்து, போகப் போகத் தெளிவாகச் சொன்னாள். முடிந்ததும் மேடம் தலையாட்டினார். வருஷம் போகாது என்றார். ஆனால் பார்த்தவள் ஏன் அன்றைக்கே செருப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை என்று திட்டவும் செய்தார்.

"அவங்க வலதுன்னு சொன்னாங்க மேடம். அவங்க காலைப் பத்தி அவங்களை மீறி நான் எப்படி..." என்று இழுத்தாள். 

வீட்டுக்கு வந்து, முதல் படியிலேயே அண்ணியை உட்கார வைத்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் உள்ள வியாதியை எல்லாம் ஊருக்கே காட்டினீர்களே, இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னைப் படி ஏற விடமாட்ட. பயந்துபோய் அவனுக்கு போன் போடுவ. அவன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ எங்க போவ?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் கதவைத் திறந்து, மாடிக் கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன என்று கேட்டார். ரத்த அழுத்தம் என்று அண்ணி சொல்லி அனுப்பினார்.

முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். முன்பே வந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் திரும்பி வரலாம், முழுக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது. பாதம் தொங்காமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாங்கி ஒன்று கொடுத்தார்கள். மகனுக்கு நானே போன் போட்டேன். மறுநாளே வந்துவிட்டான். ஒட்டடைக்குச்சி அவனை நிற்க வைத்து, அம்மா எப்படிப் படி ஏற வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அண்ணியை ஏறிக் காட்ட வைத்தாள். அவளுடைய பருவம் முடிந்துவிட்டது, இனி வர வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. இருந்தும் வந்தாள். அம்மா நான்காவது மாடி வரை ஏறியதைப் பார்த்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் அத்தை" என்றான். அந்தக் கொஞ்ச நாளில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம்.

வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். பல் நன்றாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்வதற்குள் அண்ணிக்கு வியர்த்துவிடுகிறது. அதற்குப் பரிகாரமாக அவர்களை இரண்டாவது மாடிக்குத் திருப்பி அனுப்பி, அங்கே இருக்கிற கண்டக்டருக்குப் பொய்ப்பல், விடாதீர்கள் என்று போட்டுக்கொடுக்கிறார்.

தாங்கியை உள்ளே வைத்துப் போட, பட்டை வைத்த காலணி வேண்டும், இடது பக்கம் ஒரு அளவு பெரிதாக. அதற்காகப் பழைய கடைக்கே போனோம். ஆட்கள் எல்லாரும் புதுசு, அண்ணியை யாருக்கும் தெரியவில்லை. முக்காலி மட்டும் அதேதான். அத்தனை வருஷம் அந்தக் கடையில் இருந்தவர், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒரு சின்னப் பெண் வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டுங்கள் அம்மா என்றாள். வலது கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. அண்ணி அதைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பிடித்துத் தூக்கி, அந்தச் சரிவின்மேல் வைத்தார்.

"இதை முதல்ல பாரும்மா," என்றார். "இதுதான் கொஞ்சம் கஷ்டம்."